கடல் கடப்பதற்கு ஒரு முத்திரை

எங்கள் வீட்டுச் சுவாமியறையில் ஒரு பித்தளைச் செம்பு உண்டு. கழுத்துக் குறுகி, வயிறு பருத்து, காலத்தாற் கறுத்துப்போன சிறிய செம்பு அது. என் தாய்வழிப் பாட்டனார் 1930களின் நடுப்பகுதியில் இராமேசுவரம் சென்று தீர்த்தமாடி, அச்செம்பிலே தீர்த்தம் முகந்து தேற்றாத்தீவுக்குக் கொண்டுவந்தார் என்பது எங்கள் குடும்பத்தில் வழங்கிவரும் செய்தி. தேற்றாத்தீவு, கிழக்கே பெருங்கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியும் அணைத்து நிற்கும் ஒடுங்கிய நிலத்தில், மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குச் செல்லும் பெருந்தெருவை ஒட்டி அமைந்த ஊர். கலங்கிய நீரைத் தெளியச் செய்யும் தேற்றாமரத்தின் பெயரே எங்கள் ஊருக்கு ஆயிற்று என்று முதியோர் சொல்வர்.

பாட்டனார் மட்டக்களப்பு நகருக்குச் சென்று கோச்சி ஏறினார். 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்பை எட்டிய புகையிரதம் அந்நாளில் இன்னும் புதுமை மாறாதிருந்தது. மாகோச் சந்தியில் வண்டி மாறி, மதவாச்சி வழியாகத் தலைமன்னார்த் துறையை அடைந்து, கப்பலேறி, ஏறத்தாழ இருபத்திரண்டு மைல் கடலைக் கடந்து தனுஷ்கோடியில் இறங்கினார். அவர் கையில் இருந்தவை ஒரு துணிமூட்டை, இச்செம்பு, ஒரு பயணச்சீட்டு. வேறு தாள் எதனையும் அவர் கொண்டு சென்றதாக எவரும் சொல்லக் கேட்டிலேன்.

அவருடைய மகள், என் பெரியம்மா, இன்று எண்பதை நெருங்கியவர். தந்தை ஆடிய தீர்த்தத்தில் தாமும் ஆடவேண்டும் என்ற அவா அவருக்கு நெடுநாளாக இருந்தது. சென்ற ஆண்டு அவருக்காக இந்திய விசா விண்ணப்பத்தைக் கணினியில் நிரப்பும் பொறுப்பு எனக்கு வந்தது. சமயம் யாது? உடலில் காணத்தக்க அடையாளம் யாது? கல்வித் தகைமை யாது? தந்தை பிறந்த ஊர் எது? பெற்றோரோ பாட்டன் பாட்டியரோ பாகிஸ்தானியராக இருந்தனரா? ஒவ்வொரு வினாவையும் நான் உரத்து வாசித்தேன். பெரியம்மா பொறுமையாக விடை கூறினார். பாகிஸ்தான் வினாவுக்கு வந்தபோது பொறுமை முடிந்துவிட்டது.

"எங்கட அப்பா போகக்குள்ள இதெல்லாம் ஆரு மனே கேட்டது?" என்றார்.

வரலாறு கற்பிப்பவன் என்று பெயர் படைத்த எனக்கு அவ்வினாவுக்கு உடனே விடை கூற இயலவில்லை. பின்னர் தேடிப் படித்தவற்றையே இன்று உங்களோடு பேச எண்ணுகிறேன்.

விசா என்னும் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. 'பார்க்கப்பட்டது' என்பது அதன் பொருள். ஒருவன் கொணரும் தாளை அதிகாரி பார்த்தார், பார்த்ததற்கு அடையாளம் இட்டார், அவ்வளவுதான். சொல் நமக்குப் புதிது, வழக்கமோ பழையது. கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் முத்திரை அதிகாரி ஒருவரைப் பற்றிக் கூறுகின்றது. ஒரு மாஷக நாணயம் பெற்றுக்கொண்டு அவர் முத்திரை வழங்குவார். அம்முத்திரை உடையவனே நாட்டுக்குள் புகவும் நாட்டை விட்டு நீங்கவும் தகுதி பெறுவான். இன்றிச் செல்லும் குடிமகனுக்குப் பன்னிரண்டு பணம் தண்டம். தமிழகத்திலோ, காவிரிப்பூம்பட்டினத் துறையில் சோழனின் அதிகாரிகள் புலி முத்திரை பொறித்ததைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. ஆனால் அம்முத்திரை பண்டங்களுக்கே பொறிக்கப்பட்டது. மனிதர்க்குப் பொறித்ததாக அந்நூலில் இல்லை என்பதை இங்கே நினைவிற் கொள்வது நன்று.

பிரித்தானியர் ஆட்சியில் பாக்கு நீரிணையின் இருகரையும் ஒரே முடியின் கீழ் வந்தன. அக்காலத்தில் நம் அறிஞர்கள் அக்கடலைக் கடந்த இலேசு இன்று நமக்கு வியப்பைத் தருகின்றது. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திலிருந்து சென்று 1864இல் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவரும், சி. வை. தாமோதரம்பிள்ளை உட்பட, யாழ்ப்பாணத்தவர். 1897 சனவரியில் சுவாமி விவேகானந்தர் யாழ்ப்பாணத்திலிருந்து படகேறிப் பாம்பனில் இறங்கினார். இவர்களுள் எவரேனும் விசாவுக்கு விண்ணப்பித்தார் என்று எந்த வரலாற்றிலும் காண்பதற்கில்லை. விண்ணப்பிப்பதற்கு அங்கே விசாவும் இல்லை.

இதனைக் கொண்டு, அக்காலத்தில் கடல் எல்லார்க்கும் திறந்திருந்தது என்று நான் முதலில் முடிவுகட்டினேன். அது தவறு. மேலும் படித்தபோது வேறொரு காட்சி தென்பட்டது.

அதே கடலை, அதே ஆண்டுகளில், நாவலரைப் போன்றோரைவிடப் பன்மடங்கு பெருந்தொகையினர் கடந்தனர். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய சீமைகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்த கூலித் தொழிலாளர் அவர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்களுக்கென ஒரு முறை வகுக்கப்பட்டது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் சிறு தகரத் துண்டு ஒன்று கொடுக்கப்பட்டது. எத்தோட்டத்துக்குரியவர் என்பதைக் காட்டும் எண் அதிலே பொறிக்கப்பட்டிருக்கும். கயிற்றிற் கோத்துக் கழுத்திலோ அரையிலோ கட்டிக்கொள்வர். அத்தகரத்தைக் காட்டினால் வழிச்செலவு கேட்கப்படமாட்டாது. செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். பெயர் கேட்பாரில்லை, எண்ணே போதும். இலங்கை அரசு இந்திய மண்ணிலே, முதலில் தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள தட்டப்பாறையிலும் பின்னர் மண்டபத்திலும், முகாம் அமைத்து, நோய் உண்டா என்று பார்ப்பதற்காக அவர்களைப் பல நாள் தடுத்து வைத்த பின்னரே கப்பலேற விட்டது. மூன்றாம் வகுப்பிற் பயணஞ் செய்த ஏனையோரும் அச்சோதனைக்குத் தப்பவில்லை. மேல் வகுப்பினருக்கோ சலுகைகள் இருந்தன. என் பாட்டனார் எவ்வகுப்பிற் சென்றார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. திரும்பும் வழியில் மண்டபத்தில் அவரையும் யாரேனும் நாக்கை நீட்டச் சொல்லியிருப்பர். ஆகவே, பெரியம்மாவின் வினாவுக்கு நான் முதலில் நினைத்த விடை முழு உண்மை அன்று.

தாள் கேட்கும் வழக்கம் பெரியோரிடமிருந்து தொடங்கி ஏழைகளிடம் இறங்கியதன்று. அது ஏழையின் கழுத்திலே தகரமாகத் தொங்கி, அரை நூற்றாண்டு சென்ற பின்னரே மற்றவர்களின் சட்டைப் பையிலே புத்தகமாக வந்து சேர்ந்தது. நம் கடலின் வரலாற்றை இவ்வாறு படிப்பதே பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு வேறொரு கண்டத்திலும் சான்று உண்டு. தென்னாபிரிக்காவில் இந்தியர் கைவிரல் அடையாளமிட்டுப் பதிவுப் பத்திரம் பெறவேண்டும் என்று திரான்சுவால் அரசு சட்டம் செய்தது. 1908 ஆகஸ்ட் 16ஆம் நாள் ஜொகனஸ்பர்க் நகரின் ஹமீதியா பள்ளிவாசல் முன்றிலிலே, காந்தியடிகளின் தலைமையில் அப்பத்திரங்கள் கொப்பரையிலிட்டு எரிக்கப்பட்டன. பின்னர் 1913இல், அநுமதியின்றி மாகாண எல்லையைக் கடந்து சிறை புகுந்தோருள் தமிழ்ப் பெண்கள் பலர் இருந்தனர். ஜொகனஸ்பர்க்கிலே பிறந்து, தில்லையாடி என்னும் முன்னோர் ஊரால் அறியப்படும் வள்ளியம்மை அப்போராட்டத்தில் மும்மாதக் கடுங்காவல் விதிக்கப்பெற்று, நோயுற்று வெளிவந்து, 1914 பெப்ரவரி 22ஆம் நாள் தம் பதினாறாம் வயதிலே உயிர்நீத்தார்.

அதற்கு இரண்டே நாள் கழித்து, 1914 பெப்ரவரி 24ஆம் நாள், பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒரே சீட்டில் ரயிலும் கப்பலும் மீண்டும் ரயிலுமாகச் செல்லும் வழி அமைந்தது. போட் மெயில் என்று நம் முதியோர் இன்றும் ஆசையோடு நினைவுகூரும் வண்டி இவ்வழி வந்ததே. ஓரிடத்திலே எல்லை கடந்ததற்காக ஒரு சிறுமி உயிரிழந்த அதே வாரத்தில், இன்னோரிடத்திலே எல்லை கடப்பதற்கு இரும்புப் பாலம் கட்டித் திறந்தார்கள். இரண்டும் ஒரே பேரரசின் கொடிக்கீழ் நிகழ்ந்தவை.

அவ்வாண்டே முதலாம் உலக யுத்தமும் மூண்டது. அதுவரை ஐரோப்பாவின் பெரும்பகுதியில், உருசியாவையும் துருக்கியையும் தவிர, கடவுச்சீட்டின்றியே மக்கள் நாடுவிட்டு நாடு சென்றனர். யுத்தம் ஒற்றரைப் பற்றிய அச்சத்தை வளர்த்தது. ஒவ்வோர் அரசும் வாயிலிற் காவல் வைத்தது. யுத்தம் முடிந்தபின் காவல் நீங்கும் என்றே பலரும் எண்ணினர். நீங்கவில்லை. 1920 ஒக்டோபரில் நாட்டுக் கூட்டவையத்தின் ஆதரவிலே பாரிஸ் நகரிற் கூடிய மாநாடு, கடவுச்சீட்டை ஒழிப்பதற்குப் பதிலாக அதற்கு ஓர் உருவம் வகுத்துக் கொடுத்தது. முப்பத்திரண்டு பக்கம்; அவற்றுள் இருபத்தெட்டுப் பக்கம் விசா முத்திரைகளுக்கு; நான்கு பக்கம் மனிதனுக்கு! இந்தியாவின் கடவுச்சீட்டுச் சட்டம் அதே 1920ஆம் ஆண்டினது. 1926இல் ஜெனீவாவில் மறுபடியும் கூடி, இவ்வேற்பாடு பயணிகளுக்குத் தொல்லை என்று பேசினர். பேசிக் கலைந்தனர்.

ஆயினும் நம் நீரிணை மேலும் சில காலம் அவ்வலையில் முழுதும் சிக்கவில்லை. மட்டக்களப்பு மண்ணிலே நிற்கும் நான் இதற்குக் காட்டத்தக்க சான்று சுவாமி விபுலானந்தரின் வாழ்க்கை. காரைதீவிலே 1892இற் பிறந்த அவர், 1922இற் சென்னைக்குச் சென்று இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார், 1924இற் துறவு பூண்டார், திரும்பிவந்து மட்டக்களப்பிலே பாடசாலைகளைக் கட்டினார், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார், மீண்டும் ஊர் வந்தார், இமயம் சென்றார், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். அவருடைய யாழ் நூல் 1947இல் தமிழகத்துத் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அவ்வாண்டு சூலையில் அவர் மறைந்தார். போகவும் வரவுமாகவே கழிந்த வாழ்வு அது. அப்போக்குவரவு இல்லையேல் அந்நூல் இல்லை. கல்லடி உப்போடையில் நிற்கும் சிவானந்த வித்தியாலயமும் இல்லை. இன்று இருபதுகளில் உள்ள ஓர் ஆசிரியர் அவர் சென்ற வழியே செல்ல விரும்பினால், எத்தனை விண்ணப்பங்களை நிரப்பவேண்டியிருக்கும் என்று நான் சில வேளை எண்ணுவதுண்டு.

சுவாமிகள் மறைந்தபின் இரண்டாண்டிலே வாயில் மூடியது. மூடுவதற்கான அறிகுறிகள் முன்னரே தோன்றியிருந்தன. இலங்கை அரசுப் பணிகளிலிருந்து இந்தியத் தொழிலாளர் நீக்கப்பட்டதற்கு மறுமொழியாக, 1939 ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளர் இலங்கைக்குச் செல்வதை இந்திய அரசு தடைசெய்தது. இரு நாடும் சுதந்திரம் பெற்றன. 1948இன் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவனும் தன் தந்தை இங்கே பிறந்ததை, அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை எண்பிக்கவேண்டும் என்றது. தகரத் துண்டு கட்டி வந்தவனுடைய பேரன் எந்தப் பிறப்புப் பதிவைக் கொண்டுவந்து காட்டுவான்? அதே ஆண்டு இயற்றப்பட்ட 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்றுமுதல், இலங்கைக்கு வரும் இந்தியரும் கடவுச்சீட்டும் விசாவும் உடையவராக வரவேண்டியவராயினர். ஓர் இரவு கழிந்து விடிந்தபோது, வழக்கமாக வந்துபோனவன் அந்நியனாகிவிட்டான். 'கள்ளத்தோணி' என்னும் சொல் வசையாக ஊன்றியது அதன் பின்னரே. தோணியேறி வராத, தேயிலைச் செடிகளின் நடுவே பிறந்து வளர்ந்த மக்களையும் அச்சொல்லாற் சுட்டினர். அவ்வசையைச் சொன்னவர்களுள் தமிழரும் இருந்தனர் என்பதை மறைத்துப் பேசுவது வரலாறு ஆகாது.

1964ஆம் ஆண்டு அக்கடலுக்குக் கொடிய ஆண்டு. ஒக்டோபர் 30இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர் என்று கணக்கிட்டு, ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவும் மூன்று இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர்ப் பேசுவதென்றும் முடிவாயிற்று. டிசம்பர் 22ஆம் நாள் இரவிலே எழுந்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி அலைவாய்ப்பட்டு அதிலிருந்தோர் மாண்டனர். கப்பல் பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடியது. ஒப்பந்தப்படி அனுப்பப்பட்ட மலையக மக்கள் அவ்வழியே சென்றனர். அவர்கள் கையில் முறையான பத்திரங்கள் இருந்தன. திரும்பி வருவதற்கான பத்திரம் மட்டும் இல்லை.

நேயர்களே, விசாவைப் பற்றிய இவ்வரலாற்றில் விசா வேண்டாம் என்று எழுதிவைத்த ஏடு ஒன்றும் உண்டு. 1974 சூனில் இரு நாடுகளும் செய்த கச்சதீவு ஒப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே அத்தீவுக்கு வந்து செல்லலாம் என்றும், அதற்கென இலங்கை அவர்களிடம் பயணப் பத்திரமோ விசாவோ கோராது என்றும் கூறுகின்றது. அத்தீவு பற்றிய ஏனைய வழக்குகளுக்குள் நான் புகவில்லை. அங்குள்ள அந்தோனியார் கோவில் திருவிழாவிலே இருகரை மக்களும் சந்திக்கும்போது, அந்த ஓரிரு நாளுக்கு மட்டும் என் பாட்டனார் கண்ட கடலை அவர்களும் காண்கிறார்கள். யுத்த காலத்தில் அதுவும் தடைப்பட்டிருந்து, பின்னர் மீண்டது.

தலைமன்னார்க் கப்பல் 1980களின் யுத்தச் சூழலில் நின்றது. 2011 சூனில் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தொடங்கிய கப்பற் சேவை அவ்வாண்டிலேயே ஓய்ந்தது. 2023 ஒக்டோபர் 14இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் வந்தது. சில நாளிலே நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. விசாவும் உருமாறியது. வெளிநாட்டார் புறப்படுமுன் இணையவழியே அநுமதி பெறும் முறையை இலங்கை 2012 சனவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியது. இலங்கையர் இணையவழி இந்திய விசாப் பெறும் வசதி 2015 ஏப்ரல் 14, நம் புத்தாண்டு நாளிலே தொடங்கியது. முத்திரை குத்தும் ஓசைகூட இல்லாமல், அநுமதி கைத்தொலைபேசியிலே வந்து நிற்கின்றது.

பெரியம்மாவின் கதைக்கு வருகிறேன். விசாவுக்கு முன்னர் கடவுச்சீட்டு வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அவருடைய சான்றிதழ் இருந்த தகரப்பெட்டி 1978 நவம்பர்ச் சூறாவளியிலே வீட்டுக் கூரையோடு போயிற்று. அப்போது நான் சிறுவன். மறுநாட் காலை தென்னைகள் எல்லாம் ஒரே திசையிலே தலைசாய்ந்து கிடந்தது நினைவிருக்கிறது. பதிவேட்டில் தேடிப் பிரதி பெறுவதற்குப் பல மாதம் சென்றது. கிடைத்த பிரதியிலோ, அவருடைய சாதகத்திலுள்ள நாளுக்கு மூன்று மாதம் பிந்திய நாள் இருந்தது. "நான் எப்ப பிறந்தன் எண்டு எனக்குத் தெரியாதாமா?" என்று அவர் கேட்டார். எங்கள் பகுதியிலே சூறாவளிக்கும், யுத்தத்திலே இடம்பெயர்ந்த நாள்களுக்கும், 2004இன் ஆழிப்பேரலைக்கும் தங்கள் தாள்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் அநேகம். அவர்களுக்கு இது வேடிக்கையன்று.

நான் ஒன்றைச் சொல்லவேண்டும். நானும் தாள் கேட்பவன். பல்லாண்டுக்கு முன், நான் பணியாற்றிய ஒரு பாடசாலைக்கு, முகாமிலிருந்து வந்த தாய் ஒருத்தி தன் மகனை முதலாம் வகுப்பிற் சேர்க்க அழைத்து வந்தாள். சான்றிதழ் இல்லை. "எடுத்துக்கொண்டு வாங்கோ, பிறகு பார்ப்போம்" என்று நான் அனுப்பிவிட்டேன். விதி அவ்வாறு இருந்தது என்பது உண்மை. சான்றிதழ் பின்னர் தரப்படும் என்று எழுதிச் சேர்த்துக்கொள்ள வழி இருந்தது என்பதும் உண்மை. அவள் திரும்பி வரவில்லை. பெரியம்மாவின் விண்ணப்பத்தை நிரப்பிய இரவில் அப்பிள்ளையின் முகம் என் கண்முன் வந்தது. பெயர் நினைவுக்கு வரவில்லை. என் பதிவேட்டில் நான் எழுதாத பெயர் அல்லவா?

விசா மூன்றாம் நாள் வந்தது. பெரியம்மாவும் நானும் விமானத்தில் சென்னைக்குச் சென்று, அங்கிருந்து ரயிலில் இராமேசுவரம் அடைந்தோம். தீர்த்தமாடிய பின் ஒரு வாகனம் பிடித்துத் தனுஷ்கோடிக்குப் போனோம். இடிந்த தேவாலயமும் ரயில் நிலையத்தின் எச்சங்களும் மணலிலே நிற்கின்றன. அவற்றைக் கடந்து நிலம் முடியும் இடத்தில் பெரியம்மா இறங்கி, கிழக்கே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நம் கரை எந்தப் பக்கம் என்று கேட்டார். வாகன ஓட்டி கையை நீட்டிக் காட்டினார். அங்கே நீரும் வெயிலுமன்றி ஒன்றும் தெரியவில்லை.

பித்தளைச் செம்பையும் நாங்கள் கொண்டு சென்றிருந்தோம். திரும்பும்போது, விமானத்திற் கைப்பையிலே நீர் கொண்டுசெல்ல விடார் என்று நான் சொன்னதனால், தீர்த்தத்தை நிரப்பி, வாயை மெழுகால் அடைத்து, இரண்டு சீலைகளுக்குள் சுற்றிப் பெரிய பெட்டியின் நடுவிலே வைத்தார். வீடு வந்து திறந்தபோது அரைச் செம்பு நீர் இருந்தது. மீதி சீலையிலே ஊறியிருந்தது. ஈரச் சீலையை அவர் பிழியவில்லை. கொல்லையிலே கொடியில் அப்படியே உலரவிட்டார்.